பென்சீன் வளையத்துக்கு நுனி வைக்கும் நுண்ணுயிரிகள்

பீரோவில் துணிகளுக்கு நடுவே போட்டு வைக்கிற அந்துருண்டை பலர் வீட்டிலும் இருக்கும். சிலர் பாச்சை உருண்டை என்பார்கள். போடும்போது கோலிக்குண்டு அளவு இருப்பது, நாலைந்து மாதம் கழித்துப் பட்டுப்புடவையை வெளியே எடுக்கும்போது மிளகளவுக்குத் தேய்ந்திருக்கும். உருகியிருக்காது, துணியில் கறையும் படிந்திருக்காது. திடமாக இருந்தது நேராக ஆவியாகிப் போய்விட்டது. அந்த ஆவிதான் நாப்தலீன். பூச்சியை விரட்டும், அளவு மீறினால் மனிதருக்கும் நஞ்சு.

இந்த நாப்தலீனைத் தவிர வேறு சாப்பாடே இல்லாமல் வளர்கிற பாக்டீரியாவை நான் முதன்முதலில் பார்த்தது முதுகலை படித்த காலத்தில். மெக்கானிக் ஷெட் வாசலில் எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கறுத்துப்போன மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து வந்தோம். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், அதில் கொஞ்சம் அம்மோனியம் உப்பு, பாஸ்பேட், மக்னீசியம். சர்க்கரை கிடையாது, இறைச்சிச் சாறு கிடையாது. கார்பன் வேண்டுமென்றால் நாங்கள் தூவிய நாப்தலீன் பொடியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டு ஒரு வாரம் குலுக்கிக்கொண்டே வைத்திருந்தோம். தெளிவாக இருந்த தண்ணீர் அரிசி களைந்த நீர் போலக் கலங்கியது.

அதில் ஒரு சொட்டு எடுத்து அகார் தட்டில் தேய்த்து, தட்டைக் கவிழ்த்து, மூடியின் உட்புறத்தில் நாலு நாப்தலீன் பரல்களைப் போட்டு மூடினோம். அகார் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கெட்டிப்பொருள். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்ன முடியாது. ஆக, அந்தத் தட்டில் உணவு என்று இருந்தது மூடியிலிருந்து எழும்பும் ஆவி மட்டும். மூன்றாம் நாள் தட்டெங்கும் குண்டூசித் தலை அளவில் வெளிறிய புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் கோடிக்கணக்கான உயிர்கள். தட்டைத் திறந்தால் பாட்டி வீட்டு பீரோ வாசனை.

வெறும் வாசனையைத் தின்று உடம்பு வளர்க்க முடியுமா என்று அன்று முழுக்க மண்டைக்குள் ஓடியது. முடியும். எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கடலில் கொட்டும் கச்சா எண்ணெய், பெட்ரோல் பங்க் தொட்டியில் கசிந்து கிணற்றில் இறங்கும் பெட்ரோல், புகையோடு வந்து படியும் கரி என்று எல்லாவற்றுக்கும் இதே வேதியியல்தான்.

நூலும் வளையலும்

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள்களை ஹைட்ரோகார்பன் என்கிறோம். சமையல் கேஸ், பெட்ரோல், டீசல், மெழுகு, தாரின் பெரும்பகுதி எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றில் சிலவற்றில் கார்பன் அணுக்கள் நூல் மாதிரி நீளமாகக் கோத்திருக்கும். மெழுகுவத்தியின் மெழுகு அப்படி. நூலுக்கு நுனி உண்டு. நுண்ணுயிரி அந்த நுனியைப் பிடித்து ஆக்சிஜனைச் சேர்க்கும், கொழுப்பு அமிலமாக மாற்றும், அப்புறம் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கிக்கொண்டே போகும். நாம் சாப்பிட்ட எண்ணெயை நம் உடம்பு எரிப்பதும் இந்த முறையில்தான்.

மற்றவை அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள். தமிழில் நறுமணச் சேர்மங்கள் என்றும் சொல்கிறோம். இவற்றின் ஆதி உருவம் பென்சீன்: ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன், வட்டமாகக் கோத்தது. நூல்கண்டு எவ்வளவு சிக்குப்பட்டிருந்தாலும் நுனி அகப்பட்டால் பிரித்துவிடலாம். வளையலில் நுனியை எங்கே தேடுவது?

பென்சீனை முதலில் பிரித்தெடுத்தவர் மைக்கேல் பாரடே. 1825இல், லண்டனில், விளக்கெரிக்கப் பயன்பட்ட எரிவாயுவை அழுத்தி அடைத்த கலன்களின் அடியில் தங்கிய எண்ணெய்க் கசண்டிலிருந்து எடுத்தார். கொஞ்ச காலம் கழித்து ஜெர்மனியில் மிட்செர்லிக், சாம்பிராணிப் பிசினில் இருக்கும் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கி அதே பொருளை எடுத்தார். அந்தப் பிசினின் ஐரோப்பியப் பெயர் பென்சாயின். பென்சீன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. நறுமணம் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதும் இப்படிப்பட்ட வாசனைப் பிசின்களால்தான். வாசனைக்கும் வளையத்துக்கும் கட்டாயத் தொடர்பு ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. ஆறு கார்பனும் வளையமாக இருக்கின்றன என்று 1865இல் சொன்னவர் கெகுலே.

அந்த வளையம் ஏன் இவ்வளவு உறுதி? ஒவ்வொரு கார்பனும் தன் பங்குக்கு ஒரு எலக்ட்ரானைப் பொதுவில் போட்டுவிடுகிறது. அந்த ஆறு எலக்ட்ரான்களும் குறிப்பிட்ட எந்த இரண்டு அணுவுக்கும் சொந்தமில்லாமல் வளையம் முழுக்கப் பரவி நிற்கின்றன. அதனால் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், ஒரே வலு. பலவீனமான கண்ணி என்று ஒன்றைக் காட்ட முடியாது. இந்தக் கூட்டுறவால் கிடைக்கும் கூடுதல் உறுதி ஒரு மோலுக்கு, அதாவது 78 கிராம் பென்சீனுக்கு, சுமார் 36 கிலோகலோரி. வளையத்தை உடைக்க நினைக்கும் எந்த உயிரும் இந்தக் கோட்டையைத் தாண்டியாக வேண்டும்.

பென்சீனில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒரு மெத்தில் வால் ஒட்டினால் டொலுவீன், இரண்டு வால் ஒட்டினால் சைலீன். இவை பெட்ரோலில் இருப்பவை. வளையங்கள் பக்கச்சுவரைப் பங்கிட்டுக்கொண்டு ஒட்டினால் பலவளையச் சேர்மங்கள்: இரண்டு ஒட்டினால் நாப்தலீன், மூன்று ஒட்டினால் பினாந்த்ரீன், நான்கில் பைரீன், ஐந்தில் பென்சோபைரீன். விறகடுப்புப் புகை, டீசல் புகை, தார், சிகரெட் என்று எது அரைகுறையாக எரிந்தாலும் இந்தப் பலவளையச் சேர்மங்கள் பிறக்கும். புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதை லண்டன் மருத்துவர் பெர்சிவால் பாட் 1775இலேயே எழுதினார். கரியில் இருந்த குற்றவாளிகளில் பென்சோபைரீனும் ஒன்று என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

இரண்டு ஆக்சிஜன், ஒரு நுனி

இந்த வேதியியலின் பெரிய திறப்பு இரண்டாம் உலகப்போரில் நொறுங்கிக் கிடந்த ஜப்பானின் ஒசாகாவில் நடந்தது. ஒசாமு ஹயாயிஷி என்ற இளைஞர். ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை, பணம் இல்லை, ஊரில் சாப்பாடே பற்றாக்குறை. மூத்த பேராசிரியர் ஒருவர் தன்னிடம் மிச்சமிருந்த கொஞ்சம் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தார். ஹயாயிஷி அதை மண்ணோடு சேர்த்து வைத்தார். அதைத் தின்று வளர்ந்த பாக்டீரியா ஒன்று கிடைத்தது. அதற்குள் கேட்டகால் என்ற வளையச் சேர்மத்தைப் பட்டென்று திறந்துவிடும் ஒரு நொதியைக் கண்டார்.

அந்த நாளில் உயிரியலில் ஊறிப்போன நம்பிக்கை ஒன்று இருந்தது. மூச்சில் வரும் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கித் தண்ணீராகப் போய்விடும். உயிர்ப்பொருளில் சேரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதான் வரும் என்று நினைத்தார்கள். 1955இல், அப்போது அமெரிக்காவில் இருந்த ஹயாயிஷி, எடை கூடிய ஆக்சிஜன்-18ஐக் கொடுத்துப் பார்த்தார். திறந்த வளையத்தில் இருந்த இரண்டு புதிய ஆக்சிஜனும் காற்றிலிருந்து வந்தவை. அதே ஆண்டு ஹோவர்ட் மேசன் வேறொரு நொதியில் தனியாக இதையே காட்டினார். இப்படிக் காற்றின் ஆக்சிஜனைப் பொருளுக்குள் செருகும் நொதிகளுக்கு ஆக்சிஜனேஸ் என்று பெயர் வந்தது.

கேட்டகால் திறப்பது சரி. பென்சீன் எப்படிக் கேட்டகால் ஆகிறது? இதை அவிழ்த்தவர் டேவிட் கிப்சன். சூடோமோனாஸ் புடிடா என்ற மண் பாக்டீரியாவை வைத்து அவர் குழு 1970இல் காட்டியது இது: ஒரே ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுவும் வளையத்தின் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரண்டில், ஒரே பக்கமாக வந்து உட்காருகின்றன.

இதை மெதுவாகப் பார்க்கலாம், ஏனென்றால் முழுச் சூட்சுமமும் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. காற்றின் ஆக்சிஜன் இயல்பில் சோம்பேறி. அப்படி இல்லையென்றால் நாம் எல்லாரும் இந்நேரம் பற்றி எரிந்திருப்போம். அதைத் தட்டியெழுப்ப பாக்டீரியா தன் சேமிப்பிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை எடுத்துத் தருகிறது. அவை இரும்பும் கந்தகமும் கொண்ட சிறு புரதங்கள் வழியாகக் கைமாறி, நொதியின் மையத்தில் இருக்கும் ஒற்றை இரும்பு அணுவை அடைகின்றன. அங்கே ஆக்சிஜன் உயிர்பெற்று வளையத்தில் பாய்கிறது. பாய்ந்த அந்தக் கணத்தில் ஆறு எலக்ட்ரான்களின் கூட்டுறவு கலைகிறது. அடுத்த நொதி இரண்டு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு வளையத்தைக் கேட்டகாலாக மாற்றுகிறது; முதலில் செலவழித்த இரண்டு எலக்ட்ரானும் இங்கே திரும்ப வந்துவிடும். கைமாற்றாக வாங்கியதை அடுத்த படியிலேயே அடைத்த மாதிரி.

இப்போது வளையலில் இரண்டு ஆக்சிஜன் அருகருகே ஒட்டியிருக்கின்றன. நான் நுனி என்று சொன்னது இதைத்தான். மூன்றாம் நொதி இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்து, அந்த இரண்டுக்கும் நடுவிலோ, ஒன்றுக்குச் சற்று வெளிப்பக்கத்திலோ வெட்டுகிறது. வளையல் நூலாகிவிட்டது. மிச்சம் எளிது. பைருவேட், சக்சினேட், அசிட்டைல் துண்டு என்று உடைந்து போகும். காலையில் சாப்பிட்ட இட்லியும் நம் உடம்பில் இதே துண்டுகளாகத்தான் ஆகிறது. அங்கிருந்து பாதி கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போகும், பாதி புது பாக்டீரியாவாகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

வெளிப்பக்கமாக வெட்டும் வகைக்கு ஒரு அழகு உண்டு. வெட்டியவுடன் வரும் பொருள் பளிச்சென்ற மஞ்சள். நாப்தலீன் தட்டில் வளர்ந்த புள்ளிகள் மேல் கேட்டகால் கரைசலை லேசாகத் தெளித்தோம். இரண்டு நிமிடம் இருக்காது, வெளிறிய புள்ளிகள் ஒவ்வொன்றாக எலுமிச்சம்பழ நிறத்துக்கு மாறின. சில புள்ளிகள் மாறவே இல்லை. அவை வளையத்தை நடுவில் வெட்டும் வகையாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வேதிவினையைக் கண்முன்னே நிறமாகப் பார்ப்பது போல ஆய்வகத்தில் வேறு சந்தோஷம் இல்லை.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நாப்தலீனைத் திறக்கும் மரபணுக்களை 1983இல் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அந்தப் புள்ளிகள் நீலமாகின. ஈ.கோலை டிரிப்டோபானிலிருந்து இண்டோல் என்ற பொருளை உண்டாக்கும்; அதில் புது நொதி ஆக்சிஜனைச் செருக, காற்றுப்பட்டு அது இண்டிகோ ஆகிவிட்டது. அவுரிச் செடியிலிருந்து நம் ஊர்களில் தொட்டி கட்டி எடுத்த அதே நீலம்!

நம் கல்லீரலும் இந்த வளையங்களோடு மல்லுக்கட்டுகிறது. ஆனால் அது இரண்டு ஆக்சிஜனுக்குப் பதில் ஒன்றைத்தான் முதலில் வைக்கும். பென்சோபைரீனில் அப்படி வைக்கும்போது உண்டாகும் இடைப்பொருள் நம் டிஎன்ஏவோடு போய் ஒட்டிக்கொள்கிறது. புற்றுநோய்க்கு வழி அங்கேதான் திறக்கிறது. கரைத்து வெளியேற்றப் போன உடம்பு தனக்கே ஆபத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பாக்டீரியாவுக்கு இது சோறு. நமக்கு இது வெளியே தள்ள வேண்டிய அந்நியப் பொருள். ஒரே வளையம், இரண்டு அணுகுமுறை.

இந்தத் திறமை பெட்ரோல் வந்த பிறகு முளைத்ததல்ல. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் முழுக்க இத்தகைய வளையங்களால் ஆனது. காட்டில் விழும் ஒவ்வொரு மரமும் ஒரு மலை அளவு வளையம். அதைப் பிரித்து மண்ணாக்கும் வேலை மனிதன் பிறப்பதற்கு வெகு முன்பே நடந்துகொண்டிருந்தது. அதற்கும் முன்பிருந்தே கடலடிப் பிளவுகளில் எண்ணெய் கசிந்துகொண்டுதான் இருந்தது.

மூச்சு முட்டும் இடத்தில்

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில்லிகிராம் பென்சீனை முழுவதும் எரிக்க ஏறத்தாழ 3 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவு. அதாவது ஒரு லிட்டர் நல்ல தண்ணீரால் 3 மில்லிகிராம் பென்சீனைக்கூடச் சமாளிக்க முடியாது. பென்சீனோ ஒரு லிட்டரில் சுமார் 1800 மில்லிகிராம் வரை கரையும். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரச்சினை புரியும். நிலத்தடியில் பெட்ரோல் இறங்கினால் பாக்டீரியா தின்னத் தொடங்கிய சில நாட்களிலேயே அங்கிருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

தீர்ந்த பிறகு என்ன நடக்கும்? வளையத்தைத் திறக்க ஆக்சிஜன் கட்டாயம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்ததில் ஒரு குழாய் வெடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே, 1979 ஆகஸ்ட் 20 அன்று கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று பிளந்தது. சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் பீறிட்டது. பள்ளம் தோண்டி இறைத்தார்கள், கொஞ்சம் எரித்தார்கள், மண்ணை அள்ளினார்கள். அப்படியும் நாலு லட்சம் லிட்டர் அளவு மண்ணுக்குள்ளேயே தங்கி, ஆறேழு மீட்டர் ஆழத்தில் இருந்த நிலத்தடி நீரின் தலையில் மிதந்தது. 1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தையே ஒரு திறந்தவெளி ஆய்வகமாக்கி, வரிசை வரிசையாகக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறது.

எண்ணெய்க்கு அடியில் ஓடும் நீர் டொலுவீனையும் பென்சீனையும் கரைத்துக்கொண்டு போகிறது. நீர் போகும் வேகத்துக்கு அவையும் போயிருந்தால் வெகுதூரம் எட்டியிருக்க வேண்டும். எட்டவில்லை. வழியிலேயே மறைந்துகொண்டிருந்தன. அந்த நீரில் ஆக்சிஜன் துளியும் இல்லை. ஆனால் கரைந்த இரும்பு ஏராளம், மீத்தேனும் இருந்தது.

டெரெக் லவ்லியும் கூட்டாளிகளும் 1989இல் விடையைச் சொன்னார்கள். போடோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, பின்னாளில் ஜியோபாக்டர் என்று பெயர் பெற்றது, துருவை வைத்து மூச்சு விட்டுக்கொண்டு டொலுவீனைத் தின்றது. நாம் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிறோம். அது மண்ணில் படிந்திருக்கும் துருவின் இரும்புக்குக் கொடுக்கிறது. கணக்கு இதுதான்: ஒரு டொலுவீன் மூலக்கூறை முழுக்க எரித்தால் 36 எலக்ட்ரான் வெளியே வரும். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நாலை வாங்கிக்கொள்ளும், ஆக 9 போதும். துருவின் இரும்பணு ஒன்றுக்கு ஒன்றுதான் வாங்கும், ஆக 36 வேண்டும். மண்ணில் துரு நிறைய இருப்பதால் இந்த வியாபாரம் ஓடுகிறது. நைட்ரேட், மாங்கனீசு, சல்பேட் இருந்தால் அவையும் இதே வேலைக்கு ஆகும். எதுவுமே இல்லாத இடத்தில் கடைசியாக மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் வரும்.

ஆக்சிஜன் இல்லாமல் வளையத்துக்கு நுனி வைப்பது எப்படி? டொலுவீனுக்கு ஒரு வால் இருக்கிறதே, அது மாம்பழத்துக்குக் காம்பு மாதிரி. பாக்டீரியா அந்தக் காம்பில் பியூமரேட் என்ற சிறு அமிலத்தை ஒட்டவைத்து, படிப்படியாகப் பென்சாயில் என்ற பொதுவான உருவத்துக்குக் கொண்டுவரும். அப்புறம் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான வேலை: எலக்ட்ரானைப் பிடுங்காமல், தன் சக்தியைச் செலவழித்து வளையத்துக்குள் எலக்ட்ரானை ஏற்றி அதை இளக்கும். இளகிய வளையத்தைத் தண்ணீர் மூலக்கூறுகளே திறந்துவிடும். பென்சீனுக்குக் காம்பு இல்லை. அதனால்தான் ஆக்சிஜன் இல்லாத நிலத்தடியில் டொலுவீன் சீக்கிரம் போய்விட, பென்சீன் பிடிவாதமாக நிற்கிறது. பெமிட்ஜியிலும் அதுதான் கண்டது. ஒட்டுமொத்தமாக ‘பெட்ரோல் குறைந்துவிட்டது’ என்று காட்டும் பரிசோதனை அறிக்கையை நான் நம்புவதில்லை. பென்சீன் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விலையும் உண்டு. மண்ணில் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆபத்தில்லாமல் உறங்கும் ஆர்சனிக், துரு கரையும்போது நீரில் இறங்கிவிடுகிறது. பெமிட்ஜி கிணறுகளில் இதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு நஞ்சைத் தின்ற மூச்சு இன்னொரு நஞ்சை அவிழ்த்துவிட்டது.

பெரிய வளையங்கள்

வளையங்கள் கூடக் கூட சிக்கல் வேறு. நாப்தலீன் ஒரு லிட்டர் நீரில் 30 மில்லிகிராம் கரையும், பினாந்த்ரீன் ஒரு மில்லிகிராம் அளவு, பென்சோபைரீன் சில மைக்ரோகிராம்தான். பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. நீரில் கரைந்தது மட்டும்தான் உள்ளே போகும். பெரிய வளையங்கள் கரைய மறுத்து மண்ணின் மட்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சோறு சட்டியில் இருந்தும் அகப்பையில் வராத நிலை.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் ஒதுங்கியதைப் பலரும் பார்த்திருப்போம். இளைஞர்கள் வாளி வாளியாக அள்ளியது பெட்ரோல் போன்ற லேசான சரக்கு அல்ல, கப்பல் எரிபொருளாகும் கனத்த எண்ணெய். லேசான பகுதிகள் வெயிலில் ஆவியாகிவிடும், அடுத்தவற்றைக் கடல் பாக்டீரியாக்கள் தின்னும். பாறையில் அப்பிய கறுப்புத் தாரில் பெரிய வளையங்களும் அவற்றைவிடக் கனத்த பொருள்களும்தான் மிச்சம். அதனால் அங்கே கையால் அள்ளியது வீண் வேலையல்ல. நுண்ணுயிரிகளை நம்பிக் காத்திருக்கக்கூடாத சரக்கு அது.

பெரிய வளையங்களுக்கும் ஆள் உண்டு. மைக்கோபாக்டீரியம் இனத்தில் சில, நான்கு வளையப் பைரீனைத் திறக்கின்றன. காசநோய்க் கிருமியின் உறவுக்காரர்கள்தான். மெழுகு பூசிய தோல் அவற்றுக்கு. எண்ணெய்ப்பசை உள்ள பொருள்களோடு ஒட்டி வாழ அது உதவுகிறது. மழைக்காலத்தில் விழுந்த மரத்தை உடைத்தால் உள்ளே வெளுத்து நார் நாராக இருக்கும் அல்லவா, அது வெண் அழுகல் பூஞ்சையின் வேலை. அந்தப் பூஞ்சை தின்பதை உள்ளே இழுப்பதில்லை. நொதியை வெளியே துப்பி, ஹைட்ரஜன் பெராக்சைடு துணையோடு கண்ணில் பட்ட வளையத்தையெல்லாம் சுட்டுத்தள்ளும். லிக்னினுக்காக உண்டான அந்த முரட்டு ஆயுதம் பென்சோபைரீன், டிடிடி போன்றவற்றையும் தாக்கும் என்று 1985இல் காட்டினார்கள்.

ஆள் பற்றாக்குறையா?

எண்ணெய் கொட்டிய செய்தி வரும்போதெல்லாம் ‘எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைத் தூவினால் போதுமே’ என்று யாராவது சொல்வார்கள். இதன் பின்னால் வங்காளத்தில் பிறந்த ஒரு பெரிய விஞ்ஞானி இருக்கிறார். ஆனந்த மோகன் சக்ரவர்த்தி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், வெவ்வேறு சூடோமோனாஸ்களில் இருந்த எண்ணெய் உடைக்கும் மரபணுக்களைத் தாங்கிய வட்ட டிஎன்ஏக்களை ஒரே பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. சட்ட வரலாற்றையே திருப்பிய வழக்கு. அந்தப் பாக்டீரியா மட்டும் எந்தக் கடலிலும் இறங்கவில்லை.

இறக்கியிருந்தாலும் பெரிதாக நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். மெக்கானிக் ஷெட் மண்ணில் ஒரு சிட்டிகையில் எங்களுக்கு ஆள் கிடைத்தது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, 5 டிகிரி குளிரில் எண்ணெய் பரவியபோதுகூட, நூல் வகையைத் தின்பவை முதலில் பெருகின, வளையம் திறக்கும் சைக்ளோகிளாஸ்டிகஸ் பின்னாலேயே வந்தது. யாரும் கொண்டுபோய் விடவில்லை. ஆள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது மூச்சும் உப்பும். எண்ணெயில் கார்பன் கொட்டிக் கிடக்கும். உடம்பு வளர்க்க நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும், அவை எண்ணெயில் அநேகமாக இல்லை. வெறும் சோற்றைக் குவித்து வைத்து, உப்பு பருப்பு எதுவும் போடாமல் பந்தி நடத்துவது போல.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி 4 கோடி லிட்டருக்கு மேல் எண்ணெய் கொட்டியது. அங்கே கடற்கரையில் தெளித்தது பாக்டீரியாவை அல்ல, உரத்தை. நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்ததும், அங்கேயே இருந்த நுண்ணுயிரிகள் வேகமெடுத்தன. உரம் போட்ட பாறைகள் இரண்டு மூன்று வாரத்தில் பக்கத்துப் பாறைகளைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி வெளுத்தன.

மேற்பரப்பில் மட்டும். 2001இல் அந்தக் கரைகளில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் எண்ணெய் இருந்தது. ஏன் என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு விளக்கியது. அந்தக் கரைகளில் மேலே பரல் அடுக்கு, அதில் கடல்நீர் தாராளமாகப் புகுந்து போகும். அதற்குக் கீழே நெருக்கமான அடுக்கு, நீர் ஊர்ந்துதான் நகரும். ஆக்சிஜன் அங்கே எட்டுவதே இல்லை, எட்டும் துளியும் உடனே தீர்ந்துவிடுகிறது. கூழாங்கற்களைத் தள்ளிவிட்டு ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டினால் ஊறி வரும் நீரின் மேல் வானவில் படலம் விரியும், பெட்ரோல் வாடை அடிக்கும். கப்பல் மோதி இருபது ஆண்டு கடந்தும் அது அங்கே அப்படியே இருந்தது. அதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாவும் அதே மண்ணில்தான் இருந்தது.